நிபியா பேசாமல் இருந்த நாட்கள்

நிபியா ஒலிவேராவுக்கு வாய் ஓயாது. துராஸ்னோ ஊரில், ஆற்றுப் பாலத்துக்குப் போகும் தெருவில், அவள் சமையலறை ஜன்னலைத் தாண்டி யாரும் சும்மா போய்விட முடியாது. ரொட்டிக்காரன் தாமதமாக வந்தால் அவனுக்கு ஒன்று, அடுத்த வீட்டு நாய் குரைத்தால் நாய்க்கு ஒன்று, மழை பெய்தால் மழைக்கு ஒன்று என்று எல்லோருக்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். "இவ வாய மூடிட்டா எனக்குக் காது போயிடுச்சோன்னு பயம் வந்துடும்" என்பான் அவள் கணவன் வில்மார். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகப் போகிறவன் அவன். வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் பேச்சைக் கேட்டபடியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போவான்.

அந்த நிபியா ஒருமுறை ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, தொண்டைக்கட்டும் இல்லை. அவளாக எடுத்த முடிவு. தெரு முதலில் கேலி செய்தது, பிறகு பயந்தது. காரணம் தெரிந்ததும் கேலி செய்தவர்கள் அவள் கண்ணில் படாமல் நடந்தார்கள்.

ஆளில்லாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்பு வேலைக்கு அவள் வந்ததே ஒரு படுக்கை விரிப்பால்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். விரிப்புகளின் ஓரத்தில் கட்டில் எண் தைத்திருக்கும். நோயாளிகள் வருவார்கள், போவார்கள், விரிப்பின் கறையும் ஆளுக்கு ஆள் மாறும். பதினான்காம் எண் மட்டும் பதினோரு மாதம் ஒரே மாதிரி வந்தது. நடுவில் சின்னதாக ஓர் ஈரம், ஒரு மூலையில் கடித்துக் கடித்துப் பிய்ந்த நூல். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மாடியேறிப் போய்ப் பார்த்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை, பெயர் யாமிலா. பேச்சு வராது, வலிப்பு உண்டு. வந்த நோய் எப்போதோ குணமாகிவிட்டது. கூட்டிப்போக ஆளில்லாமல் கட்டிலிலேயே கிடந்தது.

"இம்மாம் பெரிய ஊர்ல இதுக்கு ஒரு வீடு கூடவா இல்ல?" என்று நர்சிடம் சண்டைக்குப் போனாள் நிபியா.

"உங்க வீடு இருக்கே" என்றாள் நர்ஸ், எரிச்சலில்.

அந்த வார்த்தை அவளை வீடுவரை விரட்டிக்கொண்டே வந்தது. பெற்ற இரண்டும் வளர்ந்து தலைநகரத்துக்குப் போய்விட்டிருந்தன. ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. வில்மார் யோசித்துப் பார்த்துவிட்டு, "உன் பேச்சக் கேக்க இன்னொரு ஆள் கெடைச்சா எனக்குப் பாதி பாரம் கொறையும்" என்றான். அதுதான் அவன் சம்மதம்.

வளர்ப்புப் பெற்றோருக்கான வகுப்புக்கு இருவரும் போனார்கள். அலுவலகத்து ஆட்கள் வீட்டை வந்து பார்த்தார்கள். குழந்தைகள் அலுவலகத்தின் சமூகப் பணியாளர் மகேலா, அப்போது சின்னப் பெண், தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள்:

"நீங்க அம்மா இல்ல, நிபியாக்கா. அத்தை. பிள்ளைக்குன்னு ஒரு குடும்பம் அமையுற வரைக்கும் நீங்க ஒரு பாலம். பாலத்துல யாரும் குடியிருக்க மாட்டாங்க."

"நீ எந்த ஊரு பொண்ணே? இங்க ஆத்துல வெள்ளம் வந்தா எல்லாரும் பாலத்து மேலதான் நிப்போம்" என்றாள் நிபியா. ஆனாலும் தத்து கேட்கமாட்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அது வெறும் தாளாகத்தான் தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து யாமிலாவை ஒரு குடும்பம் கேட்டது. நிபியா அழுதுகொண்டே அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பூசணி மசியலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பேருந்தேறி அந்த வீட்டு வேலியோரம் போய் நின்றாள். "யாமி, அத்தை வந்துட்டேன்டி" என்று அவள் குரல் கேட்டால்தான் பிள்ளை சாப்பிட்டது. அவள் திரும்பிப் போனால் சுவரில் தலையை மோதிக்கொண்டது. அந்த வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. நாற்பதாவது நாள் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். மறுபடி நிபியாவிடமே கொடுத்தால் இதே கதைதான் என்று, அடுத்து எங்கே அனுப்புவது என்பது முடிவாகும்வரை குழந்தையை ஒரு விடுதியில் வைத்தார்கள். அந்த முடிவு இரண்டு குளிர்காலம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி யாமிலா செத்துப்போனாள்.

"நான்தான் அவளக் கெடுத்தேன்" என்றாள் நிபியா. வில்மார் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இனிமேல் வேண்டாம் என்றிருந்தவளிடம்தான் லீபர் வந்தான். இரண்டு வயது, எடை ஏழு கிலோ கூட இல்லை. கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், கழுத்து நிற்காது, கைகால்கள் விறைத்துப்போயிருக்கும். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியே ஊட்டலாம் என்றார் டாக்டர். "வாய் இருக்குதில்ல? மொதல்ல அதைக் கேட்டுப் பாப்போம்" என்றாள் நிபியா.

அவனுக்கு ஊட்டுவது ஒரு தனி வித்தை. தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொள்வாள். எனாமல் தட்டின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு. பிறகுதான் கரண்டி வாய்க்குப் போகும். தொண்டை ஏறி இறங்கும்வரை மனதுக்குள் நாலு எண்ணவேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் ஊர்க்கதை ஓடும். ரொட்டிக்காரனை மாமியார் விரட்டிய கதைக்கு அவன் வாய் தானாகத் திறக்கும். சிரிப்பான். அவனுக்கு வந்த ஒரே சத்தம் "ஊ". அது நிபியாவைக் கூப்பிடும் சத்தம், வேறு யாருக்கும் அவன் அதைச் செலவழித்ததில்லை.

ஆறு வயதில் அவன் பதினாறு கிலோ ஆனான், நிபியாவுக்கு அறுபத்தொன்று ஆனது. ஒரு மழைநாளில் குளிப்பாட்டித் தூக்கும்போது அவள் முதுகில் ஏதோ சடக்கென்று விட்டுப்போனது. வில்மார் பண்ணையில் இருந்தான். குளியலறைத் தரையில் லீபரைக் குளிர் தாக்காமல் தன் வயிற்றின் மேல் கிடத்திக்கொண்டு, ரொட்டிக்காரன் வந்து கதவை உடைக்கும்வரை ஒரு மணி நேரம் கதை சொல்லிக்கொண்டே கிடந்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது, இனி தன்னால் முடியாது என்று.

"ஒரு தம்பதி சம்மதிச்சிருக்காங்க" என்று மகேலா வந்து சொன்னாள். அவளுக்கும் இப்போது நரை விழுந்துவிட்டது. "நாலு வருஷத்துல இவங்க ஒருத்தங்கதான் இவன் ஃபைலத் தொறந்துட்டு மறுபடி மூடாதவங்க. மினாஸ் ஊரு. அவரு மெக்கானிக், அவங்க மருந்துக்கடையில வேலை. ரெண்டு வாரம் இங்க வந்து பழகட்டும். ஒத்துப்போச்சுன்னா கூட்டிட்டுப் போவாங்க."

"ஒத்துப்போகலன்னா?"

மகேலா தாளை மடித்தாள். "விடுதிதான், நிபியாக்கா. உங்க முதுகு ரிப்போர்ட் என் மேசையில இருக்கு."

அங்கே குளிர்காலமான ஆகஸ்ட் மாதத்தில் அந்த மருந்துக்கடைப் பெண் இவோன் வந்தாள். ஒல்லியான பெண், நாற்பது இருக்கும், உட்காரச் சொன்னாலும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். கணவன் டாரியோ வார இறுதியில் வருவான் என்றாள். நிபியா ஒரு குடுவையில் மாத்தே என்ற கசப்புத் தேயிலையைப் போட்டு, தெர்மாஸிலிருந்து வெந்நீர் ஊற்றி, குடுவையை நீட்டினாள். இவோன் உறிஞ்சிக் குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்றாள்.

நிபியாவுக்குச் சுருக்கென்றது. மாத்தே குடிக்கும்போது நன்றி சொன்னால், 'போதும், இனி ஊற்றவேண்டாம்' என்று அர்த்தம். நன்றி சொல்லாதவரை சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் குடுவையிலேயே நன்றி சொல்கிறவளை இந்தத் தெரு கண்டதில்லை.

இவோன் உள்ளே போனதும் நிபியா வில்மாரிடம் பொரிந்தாள். "ஒரே மாத்தேக்கு நன்றியாம்! இவ எங்க அம்பது நிமிஷம் கரண்டியப் பிடிச்சிட்டு உக்காரப் போறா?"

"அவ கை நடுங்கிட்டு இருந்துச்சு கிழவி. நீ உன் வாயைத்தான் பாக்குற, அடுத்தவங்க கையப் பாக்க மாட்டேங்குற."

மறுநாள் பின்கட்டில் பயிற்சி நடந்தது. நிபியாவே லீபராகி நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். இவோன் சோளக்கஞ்சி ஊட்டினாள்.

"நாலு எண்ணு! நான் இன்னும் முழுங்கல, அதுக்குள்ள அடுத்ததா? என்னைக் கொன்னுட்டுத்தான் கெளம்புவியா?"

"மன்னிச்சிடுங்க அக்கா."

"எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு? அவன்கிட்ட கேக்கிற மாதிரி ஆச்சுன்னா, மன்னிச்சேன்னு அவனால சொல்லக்கூட முடியாது."

இவோன் கற்றுக்கொண்டாள். கை நிதானமானது, நாலு எண்ணினாள், தாடையைச் சரியாகத் தாங்கினாள். ஆனால் லீபர் வாயைத் திறக்கவில்லை. சமையலறையில் எங்கோ நிபியாவின் குரல் கேட்கும். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி "ஊ" என்பான். கரண்டி வழிந்து கஞ்சி கழுத்தில் இறங்கும். நான்காம் நாள் மகேலா எடை பார்த்தாள். பதினாறு கிலோ பதினாலரை ஆகியிருந்தது.

"பதினாலுக்குக் கீழ போச்சுன்னா நான் இதை நிறுத்தியாகணும்" என்றாள் மகேலா. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வில்மார் கத்தரிக்கோல்களுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான், ரோமம் கத்தரிக்கும் சீசன் நெருங்கிவிட்டது. தலை நிமிராமலே பேசினான்.

"குட்டி செத்த ஆட்டுக்கிட்ட தாயில்லாத குட்டிய விடுவோம்ல, என்ன பண்ணுவோம்? செத்த குட்டியோட தோலை உரிச்சு இதுக்குப் போத்திவிடுவோம். மோந்து பாத்துட்டு தன் குட்டின்னு சேத்துக்கும்."

"அதுக்கு?"

"இங்க உன் தோலைத்தான் உரிக்கணும்" என்றான். சிரிக்கவில்லை.

நிபியா, நாலு வருடமாகக் கட்டியிருந்த நீலச் சமையல் அங்கியை அவிழ்த்தாள். பூசணி, வெங்காயம், லீபரின் முதுகுப் புண்ணுக்குத் தடவும் ஆட்டு ரோமக் கொழுப்பு, அவள் வியர்வை எல்லாம் அதில் ஊறியிருந்தன. துவைக்காமல் அப்படியே கொண்டுபோய் இவோனிடம் கொடுத்தாள்.

"நாளையிலேருந்து இத நீ கட்டு. என் நாற்காலியில நீ உக்காரு. நான் பேச மாட்டேன்."

"எவ்வளவு நேரம் அக்கா?"

"நீ அவனத் தூக்கிட்டுப் போற வரைக்கும்."

முதல் நாள் லீபர் அவளைத் தேடினான். "ஊ" என்றான். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னும் சத்தமாக "ஊ" என்றான். நிபியா இரண்டு அடி தள்ளிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், துண்டை வாயில் திணித்தபடி. அவன் கண் அவள் மீது பட்டு ஒன்றையும் காணாமல் நகர்ந்தது. செத்துப்போனவள் தன் வீட்டையே எட்டிப் பார்ப்பதைப் போலிருந்தது அவளுக்கு. இரண்டாம் நாளும் கூப்பிட்டான். மூன்றாம் நாள் கூப்பிடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு வழியில்லை.

ஜன்னலுக்கு வெளியே ரொட்டிக்காரன் வேண்டுமென்றே தாமதமாக வந்து பார்த்தான். அவள் காசைக் கொடுத்து ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "என்ன அக்கா, நாக்கைப் பூனை கொண்டுபோச்சா?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் மழை. மழை வந்தால் மாவை வட்டமாகத் தட்டிக் கொழுப்பில் பொரிக்காத வீடு அங்கே கிடையாது, நிபியாவும் பொரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இவோன் நீல அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். அங்கி கட்டியதிலிருந்து லீபர் முகத்தைத் திருப்புவதில்லை, மார்பில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருப்பான். வாய் மட்டும் பூட்டுதான். இவோன் இரண்டு தட்டு தட்டினாள். என்ன தோன்றியதோ, அவளுக்குத் தெரிந்ததைப் பேச ஆரம்பித்தாள்.

"எங்க கடைக்கு ஒரு தாத்தா வருவாரு. தெனம் வருவாரு. ஒரே ஒரு மாத்திரை குடும்மான்னு கேப்பாரு. எதுக்கு தாத்தா ஒண்ணு, அட்டையா வாங்கிக்கோங்கன்னா, அட்டையா வாங்கினா நாளைக்கு நான் எங்க போறதும்பாரு..."

அடுப்பைப் பார்த்து நின்ற நிபியாவுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு. பிறகு தொண்டை விழுங்கும் சத்தம். பிறகு தட்டின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியில் மாவு கருகியது.

ஒன்பதாம் நாள் டாரியோ காரைக் கொண்டுவந்தான். லீபரை இவோன் மடியில் வைத்துக்கொண்டாள். நிபியா அவன் தலையைத் தொட்டாள். முத்தம் கொடுத்தால் மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான் என்று கொடுக்கவில்லை. போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. கார் பாலத்தின் பக்கம் திரும்பி மறைந்தது.

"இப்பப் பேசு கிழவி. போயிட்டாங்க" என்றான் வில்மார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்ந்தபிறகுதான் முதல் வார்த்தை வந்தது. "அடுப்ப அணைச்சியா?"

டிசம்பரில் இவோன் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பதினெட்டு கிலோ அக்கா. வந்து பாருங்க." வில்மார் பண்ணையில் இருந்ததால், இரண்டு பேருந்து மாறி நிபியா தனியாகவே மினாஸுக்குப் போனாள். வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். யாமிலாவின் வேலியை அவள் மறக்கவில்லை.

"பரவால்ல அக்கா, பேசுங்க. உங்க குரலுக்கு அவன் ஏங்குவான்" என்றாள் இவோன் மெதுவாக. நிபியா தலையை ஆட்டி மறுத்தாள்.

சமையலறையில் நீல அங்கி ஆணியில் தொங்கியது. துவைத்துத் தேய்த்திருந்தது. இவோன் இப்போது வேறொன்று கட்டியிருந்தாள், மஞ்சள் நிறம். லீபரின் கன்னம் ததும்பியது, கழுத்துகூடக் கொஞ்சம் நின்றது. இவோன் ஊட்டினாள், அவன் விழுங்கும் இடைவெளியில் மாத்தே ஊற்றி நிபியாவிடம் நீட்டினாள். நிபியா குடித்துப் பேசாமல் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை, ஆகவே இவோன் மறுபடி ஊற்றினாள். மூன்று, ஐந்து, எட்டு. இலை சாரமிழந்து வெறும் வெந்நீராகிவிட்டது, வயிறு மத்தளமாக வீங்கிவிட்டது. போதும் என்று கையைக் காட்டியிருக்கலாம். காட்டினால் எழுந்து போகவேண்டும். அவள் குடித்துக்கொண்டே இருந்தாள், அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க.

தாத்தா கதையில் ஏதோ ஓர் இடத்தில் அவன் வாய் நிறையச் சிரித்தான். அவன் சிரிப்பிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நிபியா குடுவையை நீட்டினாள். வயிறு நிறைந்தால் நன்றி சொல்லும் ஐம்பது வருடப் பழக்கம், கையோடு வாயும் சேர்ந்து நகர்ந்தது.

"நன்றி."

லீபரின் வாய் மூடிக்கொண்டது. தலை மெல்ல, தானாக, அவள் பக்கம் திரும்பியது.

"ஊ" என்றான்.

நிபியாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. வெட்கங்கெட்ட சந்தோஷம். இன்னொரு முறை கூப்பிடு, ஒரே ஒரு முறை என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பிறகு இவோனின் முகத்தைப் பார்த்தாள். கரண்டி பிடித்த கை முதல் நாளைப் போல நடுங்கியது. நிபியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மனதுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

தட்டின் விளிம்பில் கரண்டி இரண்டு முறை தட்டியது. "அப்புறம் அந்தத் தாத்தா என்ன கேட்டாரு தெரியுமா?" என்றாள் இவோன்.

லீபர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு முகத்தை இவோன் பக்கம் திருப்பினான். வாயைத் திறந்தான். கரண்டி உள்ளே போனது, தொண்டை ஏறி இறங்கியது.

அவன் மறந்துபோயிருந்தால் நிபியா தாங்கியிருப்பாள். மறக்கவில்லை. கேட்டான், யாரென்று தெரிந்துகொண்டான், திரும்பிக்கொண்டான். இதற்காகத்தான் ஒன்பது நாள் வாயைக் கட்டினாள். நினைத்தது நடந்துவிட்டது. நடந்தது அவள் நெஞ்சை அப்படியே பிளந்துபோட்டது.

இவோன் தெர்மாஸின் மூடியைத் திருகி மூடினாள். நன்றி சொன்னவருக்கு மறுபடி ஊற்றுவதில்லை. நிபியா பையை எடுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், வாசலுக்கு நடந்தாள்.